முழுச் சுற்றா, முக்கால் சுற்றா?

அப்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. நடு நெஞ்சில் கவளம் அப்படியே உட்கார்ந்துவிடும். பக்கத்தில் தண்ணீர் டம்ளர் இல்லாமல் இலையில் உட்கார மாட்டேன். படுத்தால் புளித்த தண்ணீர் வாய்வரை ஏறும், நெஞ்சு எரியும். நம்ம நகரி ஊரில் நான் பார்க்காத டாக்டர் இல்லை. போன ஆடியில் இதே பஜனையில் கோவிந்த நாமம் சொல்லும்போது தொண்டை அடைத்து எழுந்து போனேனே, பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அன்றைக்கு வீட்டில் போய் அழுதேன். ஒரு வாய் சோறு இறங்காமல் இருந்து என்ன பிரயோஜனம் என்று.

என் வீட்டுக்காரரோடு தறி ஓட்டுகிற சிநேகிதர் ஒருவர் சித்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் சிரித்த சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. இரைப்பையின் மேல்பாகத்தை எடுத்து உணவுக்குழாயைச் சுற்றி முழுசாக ஒரு சுற்று சுற்றித் தைத்துவிட்டால் ஆசிட் மேலே வராது என்றார். எனக்குச் சோறு நிற்கிறதே என்றேன்.

"எல்லாம் சரியாயிடும்மா. எல்லாருக்கும் இதேதான் பண்றோம்."

எல்லாருக்கும் ஒரே அளவில் ஜாக்கெட் தைக்கிற டெய்லரை நான் பார்த்ததில்லை. கூட்டிவந்த சிநேகிதர் வேறு நர்ஸோடு குசுகுசுவென்று பேசினார். இவருக்கு இதில் என்ன அவ்வளவு அக்கறை? கமிஷன் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து மகளை போனில் தேடச் சொன்னேன். முழுச் சுற்றில் எரிச்சல் நன்றாக அடங்குமாம், ஆனால் சிலருக்கு விழுங்கச் சிரமமாம், ஏப்பம் கூட வராதாம். முக்கால் சுற்று என்று ஒன்று இருக்கிறதாம், அதில் அந்தத் தொல்லை குறைவாம். வெளிநாட்டில் அந்தக் குழாயைச் சுற்றிக் காந்த மணி கோத்த வளையம் போடுகிறார்களாம். ஆளாளுக்கு இதுதான் உசத்தி என்கிறார்கள். யாரை நம்புவது?

"உனுக்கு வயித்துல கீறது ஆசிட் இல்லமே, சந்தேகம்" என்றார் வீட்டுக்காரர். "டாக்டர நம்பாம போனப் பாத்துகினு கீற."

பார்த்தவர்கள் எல்லாரும் அதையே சொல்ல, எனக்கே பயம் வந்துவிட்டது. மஞ்சள் துணியில் காசு முடிந்து பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஏழுமலையானே, இந்தச் சந்தேகத்தை எடுத்துடு, மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று அழுது வேண்டினேன். எடுத்தாரா? இல்லை. நாளுக்கு நாள் அதிகம்தான் ஆனது.

ஆபரேஷனுக்குச் சேரச் சொன்ன அன்றைக்குச் சித்தூர் பஸ்ஸுக்காக நின்றோம். திருப்பதி பஸ் முதலில் வந்தது. என் கால் அதில் ஏறிவிட்டது. "ஏமே, பஸ்ஸு மாத்தி ஏறிக்கினு எங்க போற?" என்று கத்திக்கொண்டே வீட்டுக்காரரும் ஏறினார்.

திருப்பதியில் என் தங்கை இருக்கிறாள். அவள் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "முழுங்கறப்போ எங்க நிக்குதும்மா?" என்பதுதான். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. அழுதுவிட்டேன். ஆனாலும் இந்தம்மா ஏன் இவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்று உள்ளே ஒரு குடைச்சல்.

மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் விழுங்கச் சொன்னார்கள். உணவுக்குழாய் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று பார்க்கிற டெஸ்ட். எனக்குப் பலம் குறைவு என்று வந்தது.

"உங்களுக்கு முழு சுத்து ஒத்தம்மா, வேணாம்" என்றார் டாக்டரம்மா. "இப்போ நிக்கற சோறு, அப்பறம் இறங்கறதே கஷ்டமாயிடும். முக்கால் சுத்து சாலு, அதுவே போதும்."

காந்த வளையம்? அதுவும் எனக்குச் சரிப்படாது என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "முக்கால் சுத்துல பின்னாடி லேசா எரிச்சல் திரும்ப வரலாம். மாத்திரை தேவைப்படலாம். இப்பவே சொல்லிட்றேன்."

குறையைத் தானாகச் சொன்ன ஒரே டாக்டர். அங்கேதான் என் மனசு இளகியது. பெருமாள் என் வேண்டுதலைத் தள்ளவில்லை என்பதும் அங்கேதான் புரிந்தது. அந்தச் சந்தேகத்தை எடுத்திருந்தால், சித்தூரில் முழுச் சுற்றுக்கு நிம்மதியாகப் போய்ப் படுத்திருப்பேன்.

ஆபரேஷன் முடிந்து சில வாரம் கஞ்சிதான். அப்புறம் குழைந்த ரசஞ்சோறு. முதல் கவளத்தை வைத்ததும் வீட்டுக்காரர் என் வாயையே பார்த்தார். "எறங்கிச்சாமே?" இறங்கிவிட்டது என்றேன். மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

மலைக்குப் போனோம். "சந்தேகத்தத்தான் பெருமாளு எடுக்கலயே, இன்னாத்துக்கு மொட்ட? கொஞ்சமா நுனியில பூமுடி குடுத்துட்டு வா" என்றார் வீட்டுக்காரர்.

"முக்கால் என் வயித்துக்குத்தாங்க. பெருமாளுக்கு முழுசு" என்றேன்.

உட்கார்ந்ததும் முடி எடுக்கிற அம்மாவிடம், "பிளேடு புதுசாம்மா?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தம்மா சிரித்துக்கொண்டே என் கண் முன்னால் புதுசு பிரித்து மாட்டினாள்.

உங்களுக்கும் கஷ்டம் வந்தால் பெருமாளை முழுசாக நம்புங்கள். மனுஷரிடம் கேள்வி கேளுங்கள். கேட்கிற மனசைக் கொடுத்ததும் அவர்தான். இன்றைக்கு பஜனை முடிந்ததும் சுண்டல் கொடுப்பார்கள். நான் தண்ணீர் டம்ளர் இல்லாமல் தின்னப்போகிறேன், பாருங்கள். கோவிந்தா!