வாசிக்காமல் விட்ட வரி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வரும் நோர்வேஜியக் கடிதங்களை எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. நாங்கள் இருந்த லோறென்ஸ்கூக்கில் எங்கள் வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்கும் இதே உத்தியோகம்தான் என்பது வேறு விஷயம்.

அந்த வருடம் அப்பா சமையல் வேலை செய்த உணவகத்தை மூடிவிட்டார்கள். முதல் மாதம் வீட்டில் விதவிதமாகச் சமைத்துப் போட்டார். பிறகு சமைப்பதை விட்டார், சவரம் செய்வதையும் விட்டார். ஏழாம் மாதம்தான் ஒஸ்லோவுக்கு வெளியே, வெளிநாட்டுப் படையொன்று தங்கியிருந்த முகாமின் சமையலறையில் அவருக்கு வேலை கிடைத்தது. வேலைக் கடிதத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும்.

அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"எந்த நாட்டு ஆமியெண்டாலும் ஆமிதான். அந்தக் காசிலை வாங்கின அரிசியை நான் உலையிலை போடமாட்டன்."

ஊரில் அம்மாவின் தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவேயில்லை.

"சமைக்கிறதுதான் அவங்களுக்கு. சம்பளம் தாறது நோர்வே அரசாங்கக் கந்தோர். கடிதத்திலை கிடக்கு" என்றார் அப்பா மெதுவாக.

அம்மா கடிதத்தை என்னிடம் நீட்டினார். "நீ வாசி."

வாசித்தேன். முகாமில் வேலை செய்யும் உள்ளூர்க்காரருக்குச் சம்பளம் கொடுப்பது நோர்வே அரசாங்க அலுவலகம். எல்லாம் இந்த நாட்டுச் சட்டப்படி. நோய் வருத்தம் வந்தால் சம்பளத்தோடு லீவு, கோடையில் விடுமுறைக் காசு. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசி வரியில் என் குரல் நின்றுவிட்டது. கொடுத்த சம்பளம் முழுவதையும் அந்த அலுவலகம் வெளிநாட்டுப் படையிடமிருந்து திரும்ப அறவிட்டுக்கொள்ளும் என்று அதில் எழுதியிருந்தது.

நிமிர்ந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அவருடைய தாடி நரைத்துப்போனதை அப்போதுதான் கண்டேன்.

"அவ்வளவுதானோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா, அவ்வளவுதான்."

"அப்ப நோர்வேக்காரன்ரை காசுதானே. கையெழுத்தை வையுங்கோ."

அந்த வேலையில்தான் நாங்கள் தலைநிமிர்ந்தோம். என் படிப்பு முடியும்வரை அது அப்பாவைக் கைவிடவில்லை. சம்பளத்தை இப்படிச் சுற்றிக் கொடுக்கலாம் என்று விதி எழுதிய யாரோ ஒருவருக்கு நான் இன்றைக்கும் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் அம்மாவை ஏமாற்றிச் சோறு சாப்பிடுகிறேனே என்ற குறுகுறுப்பு வெகுகாலம் என்னை விடவில்லை.

அந்த நாட்களில் அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். கண் தெரியாத ஒரு கிழவருக்குத் தினமும் காலையில் நோர்வேஜியப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுவது அவருடைய வேலைகளில் ஒன்று. விளம்பரத்தைக்கூட விடமாட்டாராம் கிழவர். அம்மா சொல்லிச் சிரிப்பார், நானும் கூடச் சிரிப்பேன். அதையும் அந்தக் கடிதத்தையும் சேர்த்துப் பார்க்கப் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.

கடிதம் வந்து இரண்டு நாளாகச் சமையலறையில்தான் கிடந்தது. அம்மா அதை எனக்கு முன்பே வாசித்திருப்பார். தம்பியையும் மறக்காமல், அப்பாவையும் கைவிடாமல் சரி என்று சொல்ல அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அந்தக் கடைசி வரிக்கு முன்னால் நான் நிறுத்திவிட வேண்டுமே என்று, என் வாயையே பார்த்தபடி அம்மா காத்திருந்திருக்கிறார்.