நாற்பது எண்ணுகிற இடம்

கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சென்னையில் கிடைப்பது ஒரே ஒரு பகல். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலா யானை விலை. நாங்கள் மலிவாகக் கூட்டிப்போனோம். நாங்கள் என்றால் நானும் என் தோஸ்தும். ஒரே குப்பத்தில் பிறந்தவர்கள். அவனிடம் ஆட்டோவும் துறைமுக வாசலில் பழகிய ஆங்கிலமும் இருந்தன. என்னிடம் ஒரு ஃபைபர் படகு. காலையில் மீன் ஏலம், ஒற்றியூர் கோயில், பிறகு கடல். மாசி, பங்குனியில் தண்ணீர் தெளிந்திருக்கும்போது, பர்மா பஜாரில் வாங்கிய முகக்கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் மாட்டிவிட்டு, அவர்களை என் பாரின் மேல் மிதக்க விடுவேன்.

பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. அது இருக்கும் இடத்தைக் கட்டியவளிடம்கூடச் சொல்லாதது எங்கள் வழக்கம். வேறு படகு கண்ணில் பட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, ஒன்றுமே இல்லாத இடத்தில் தூண்டில் போட்டு நடிப்போம். என் பார், நங்கூரம் சிக்கி நானே கண்டுபிடித்தது. வலை கைவிட்ட மாதங்களில் அங்கே பிடித்த கலவா மீனில்தான் என் வீட்டில் உலை கொதித்தது.

ஒருமுறை கப்பல் வந்த நாளில் எனக்குக் கடும் காய்ச்சல். தோஸ்து பாயருகே வந்து உட்கார்ந்தான்.

"வந்தவங்கள திருப்பி அனுப்பினா நம்ம பேரு கெட்டுப்பூடும் மாமு. அடையாளத்த சொல்லு, உன் படகுல நான் இட்டுகினு போறேன்."

கடலம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். "கோயில் கோபுரம் மணலி ஆயில் கம்பெனி நெருப்ப மறைக்கணும். எண்ணூர் புகைக்கூண்டு ரெண்டும் ஒண்ணா தெரியணும். அப்பால எஞ்சின அணைச்சிட்டு நாப்பது எண்ணு."

அந்த நாற்பது என் படகின் ஓட்டத்துக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு. வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை.

அடுத்த மாசியில் முதல் நாள் தனியாகப் போனேன். பாரின் மேல் மூன்று விசைப்படகுகள் நின்றன. ஒன்றிலிருந்தவன் இன்னொருவனிடம் கத்தினான்: "அணைச்சிட்டு நாப்பது எண்ணுடா." அவர்கள் போகும்வரை காத்திருந்து கீழே இறங்கிப் பார்த்தேன். அறுந்த இழுவலை ஒன்று பாறையைப் போர்த்திக் கிடந்தது. விசிறி விசிறியாக நின்ற பவளமெல்லாம் ஒடிந்திருந்தது. ஒரு மீன்கூட இல்லை.

தோஸ்து அப்போது புது வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த விசைப்படகுகளின் முதலாளியுடைய வேன். அதன் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னான்: "ஒரு பாருக்கா இம்மாம் பேஜாரு? கடலு பெருசா கீது மாமு." அறைந்திருக்கலாம். செய்யவில்லை. அன்று சும்மா திரும்பியதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்த மாதமே ஒரு கப்பல் வந்தது. பழக்கதோஷத்தில் துறைமுக வாசலுக்குப் போனேன். போன வருடம் என்னோடு கடலுக்கு வந்த வயதான தம்பதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அந்த அம்மாள் ஒரு புகைப்படத்தை நீட்டினாள். தண்ணீருக்குள் எடுத்தது. கயிற்றைப் பிடித்தபடி நான், என் காலைச் சுற்றிலும் கிளிமீன்கள். மறுபடி அங்கே போக வேண்டும் என்று கைகளால் நீந்திக் காட்டினாள்.

எனக்கு ஆங்கிலம் வராது. வேன் பக்கத்தில் நின்றிருந்தவனைக் கூப்பிட்டேன்.

"இவங்க பார்த்த எடத்த நீ வித்துட்டேன்னு சொல்லு. ஒரு வார்த்த விடாம சொல்லு."

அவன் அவர்கள் பக்கம் திரும்பி நிதானமாக, நீளமாகப் பேசினான். அவர்கள் முகம் மலர்ந்தது. பெரியவர் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மாள் அந்தப் படத்தை என் சட்டைப் பையில் வைத்துவிட்டு அவன் வேனில் ஏறினாள்.

அவன் சொன்னதில் 'நெக்ஸ்ட் இயர்' மட்டும்தான் எனக்குப் புரிந்தது.