முப்பத்தேழாம் எண் கட்டுரை

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழில் எழுதும்போது எங்கெங்கே தவறு செய்கிறார்கள், எந்த வகைத் தவறு அதிகம் என்று எண்ணுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மாமியாரிடம் இதைச் சொன்னபோது, “அத எண்ணிக்கினு இருந்தா பட்டம் குடுத்துடுவாங்களா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். கொடுப்பார்கள் என்றேன். அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் யார் விசாரித்தாலும், “அவ தப்பு எண்ணப் போயிருக்கா” என்றுதான் சொல்கிறார்.

வீடு விழுப்புரத்தில். வேலை திண்டிவனத்தை அடுத்த ஒரு தனியார் பி.எட். கல்லூரியில். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வீட்டில் இரண்டு வயது மகள் இருப்பதால் பேருந்தில் போகிற அந்த நேரம்தான் ஆராய்ச்சிக்கு. உட்கார இடம் கிடைத்தால் மடியில் அட்டையை வைத்து, தவறுகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, எண்ணி, அட்டவணையில் எழுதுவேன். நின்றுகொண்டே போகிற நாட்களில் ஆராய்ச்சி கிடையாது.

கட்டுரைகளை வாங்கியது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில். நாற்பத்திரண்டு பிள்ளைகள். ‘நான் செய்யாமல் விட்ட ஒரு வேலை’ என்று தலைப்புக் கொடுத்தேன். மார்க் கிடையாது, தவறுகளை எண்ணத்தான் போகிறேன், உங்கள் ஆசிரியர்கள் யாரும் படிக்க மாட்டார்கள், பெயர் இருக்கிற மேல்பகுதியை வெட்டிவிட்டு எண் மட்டும்தான் போடுவேன் என்று சொன்னேன். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்திலும் அப்படித்தான் இருந்தது.

சொன்னபடியே செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தரையில் உட்கார்ந்து எல்லாத் தாள்களின் தலையையும் கத்தரித்தேன். பெயர்த் துண்டுகளைத் தனியாக ஓர் உறையில் போட்டு வைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தது நினைவிருக்கிறது. வைத்தால் அது என்ன வாக்குறுதி என்று தோன்றியது. மகள் இரண்டு துண்டுகளை வாயில் போட்டுக்கொண்டாள். விரலை விட்டு எடுத்து, மற்றவற்றோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலை குப்பை வண்டி வந்து எடுத்துப் போய்விட்டது.

முப்பத்தேழாம் எண்ணை ஒரு வெள்ளிக்கிழமை திருத்தினேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. பதினொரு தவறுகள். வகை பிரித்து அட்டவணையில் எழுதிவிட்டு முப்பத்தெட்டை எடுத்தேன். அதில் பாதி போன பிறகுதான் ஏதோ உறுத்தியது. திரும்ப முப்பத்தேழை எடுத்து, இந்த முறை பென்சில் இல்லாமல், படித்தேன்.

“நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். ஒரு மாடு இருக்கிறது. ஏரிக்கரை மேலே சைக்கிளில் பள்ளிக்கு வருவேன்” என்று தொடங்கியது. பிறகு இப்படிப் போனது (தவறுகளைத் திருத்தி எழுதுகிறேன்): “நான் செய்யாமல் விட்ட வேலை மாத்திரை போடுவது. எனக்கு ஃபிட்ஸ் வரும். வீட்டில்தான் வந்திருக்கிறது, பள்ளியில் யாருக்கும் தெரியாது. மாத்திரை போட்டால் தூக்கமாக வருகிறது. டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் சொல்ல வரவில்லை. ஆயுத பூஜை லீவிலிருந்து போடுவதில்லை. அம்மா கையில் கொடுத்ததும் வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய் மாட்டுத் தொட்டி பக்கத்தில் துப்பிவிடுவேன். இப்போது தூக்கம் வருவதில்லை.”

அவ்வளவுதான். இதன் மேல் பதினொரு சிவப்பு வட்டங்கள் போட்டிருந்தேன்.

என் மகளுக்குப் பதினான்கு மாதத்தில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண் மேலே சொருகி, உதடு நீலமாகி, இடது கை மட்டும் வெட்டிவெட்டி இழுத்தது. மாமியார் பீரோ சாவிக் கொத்தைக் கொண்டுவந்து அந்தச் சின்னக் கையில் திணித்தார். டாக்டர், இது காய்ச்சலால் வருவது, வளர வளர நின்றுவிடும் என்றார். இன்றும் நாளைக்கு நான்கு தடவையாவது அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அதனால்தான் அந்தக் கட்டுரையை என்னால் கீழே வைக்க முடியவில்லையா, வேறு யாராவது படித்திருந்தால் அடுத்த தாளுக்குப் போயிருப்பார்களா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அன்று மாலை என் நெறியாளரைப் போனில் அழைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஆபத்துன்னா சொல்லலாம்மா, விதியில அதுக்கு இடம் இருக்கு. ஆனா யாருன்னே தெரியாதே. பேரத்தான் வெட்டிப் போட்டுட்டீங்களே.”

“ஆமாங்க சார்.”

“பசங்க கற்பனையா எழுதறதும் உண்டு. உங்க பாப்பாவுக்கு வந்தது உங்க மனசுல இருக்கு. ரெண்டு நாள் ஆறப்போட்டுப் பாருங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. சனி, ஞாயிறு ஆறப்போட்டேன். திங்கட்கிழமை போகலாம் என்று இருந்தேன். இரவெல்லாம் பெய்த மழையில் காலை ஆறு மணிக்கு மாவட்டம் முழுக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று செய்தி வந்தது. செவ்வாயும் விடுமுறை. ஏரிகள் நிரம்பிவிட்டன என்று தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். கரை மேல் சைக்கிள் என்பது மட்டும்தான் என் மனதில் ஓடியது. கற்பனையாக எழுதுகிற பிள்ளை மாட்டுத் தொட்டியை எதற்குச் சொல்ல வேண்டும்?

புதன்கிழமை கல்லூரியில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். கட்டுரையின் முதல் நான்கு வரிகளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். தமிழ் ஆசிரியை அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

“அட, இது அவ எழுத்துதான். ரெண்டாவது பெஞ்ச். இன்னா மேடம், நல்லா எழுதிக்கீறாளா?”

“ஆமாங்க டீச்சர். அதான் ஒரு வார்த்தை பேசலாம்னு.”

“பேசுங்க பேசுங்க. போன வருசமெல்லாம் கிளாஸ்ல தூங்கி விழுவா. இப்பத்தான் கொஞ்ச நாளா நல்லா வர்றா.”

அந்தப் பெண் நூலக அறைக்கு வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. தலையைப் படிய வாரி, ரிப்பனைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

“மிஸ், என்னோடதா நல்லா இருந்துச்சு?”

முழுத் தாளை அவள் முன்னால் வைத்தேன். சிரிப்பு போய்விட்டது. வட்டங்களைப் பார்த்தாள்.

“நீங்க படிப்பீங்கன்னு நெனைக்கல மிஸ். தப்பு எண்ணத்தான போறேன்னு சொன்னீங்க.”

“எண்ணிட்டுத்தான் படிச்சேன்.”

“எவ்ளோ?”

“பதினொண்ணு.”

“என் பக்கத்துல உக்காருவாளே, அவளுக்கு?”

“தெரியாதும்மா. பேரெல்லாம் வெட்டிட்டேன்.”

“அப்ப என்னுது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

மாத்திரையை நிறுத்திய பிறகு எப்போதாவது வந்ததா என்று கேட்டேன். ரிப்பன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, “ஒரு தபா” என்றாள். “மல்லாட்டை காயப் போட்ட எடத்துல.” வேர்க்கடலை காய்கிற களத்தைச் சொன்னாள். “யாரும் பாக்கல. எழுந்தப்ப நாக்கு கடிச்சிருந்துச்சு. சுடுசோறு பட்டுடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

“சைக்கிள்ல வரும்போது வந்தா?”

“வரலியே.”

“அம்மாகிட்ட சொல்லணும்.”

“வேணாம் மிஸ். சைக்கிள வாங்கி வச்சிக்குவாங்க. அப்புறம் ஸ்கூலும் இல்ல. தூங்கறதுக்கு எதுக்கு ஸ்கூலுன்னு அப்பா ஏற்கெனவே கேக்கறாரு.”

நான் அவளிடம் சொன்னது இதுதான்: நீயே இன்று வீட்டில் சொல், டாக்டரைப் பார்க்கப் போங்கள், தூக்கம் வராத மாதிரி மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், நானும் வருகிறேன். நாளைக்குள் சொல்லவில்லை என்றால் நான் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கும்.

“மெரட்டறீங்களா மிஸ்?”

“ஆமாம்மா.”

அவள் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனாள். இதைவிட மென்மையாகச் சொல்லியிருக்கலாம். எப்படி என்று எத்தனையோ பேருந்துப் பயணங்களில் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மிரட்டலாகத்தான் முடிகிறது.

அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். அன்று மாலை, நான் எழுதிக் கொடுத்திருந்த எண்ணுக்கு அவள் அம்மா போன் செய்தார். வெள்ளிக்கிழமை அரசு மருத்துவமனை வாசலில் இருவரும் நின்றிருந்தார்கள். அம்மா என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவராக இருப்பார். மல்லாட்டை பறித்த மண் நகக்கண்ணில் இருந்தது. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார், பிறகு மகள் பக்கம் திரும்பி, வரிசையில் நின்ற நேரம் முழுக்கத் தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்.

“நீ துப்பறதுக்கா நான் மாசாமாசம் ஒரு நாள் கூலிய உட்டுட்டு இங்க வந்து நிக்கறேன்? மாடு அதத் தின்னுட்டு எதுனா ஆயிருந்தா இன்னாடி பண்ணுவ?”

“மாட்டுக்கு ஒண்ணும் ஆவல.”

“வாய மூடு.”

டாக்டர் இளம்பெண். எதிரில் நோட்டுகள் அடுக்கி இருந்தன. நடந்ததைக் கேட்டுவிட்டு, அம்மாவைத் திட்டாமல் பெண்ணிடம் கேட்டார்.

“தூக்கம் வருதுன்னு எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீங்க எங்கிட்ட கேக்கல மேடம். அம்மாகிட்டதான் கேட்டீங்க.”

டாக்டர் அவளுடைய நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினார். ஒவ்வொரு மாதமும் அவர் கையெழுத்தில் ஒரே வரி: மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். புதிதாக ஒரு பக்கம் எடுத்து எழுதத் தொடங்கினார். காலை மாத்திரையைக் குறைத்து இரவில் கூட்டினார். ரத்தப் பரிசோதனை எழுதினார். இரவு போட்டால் பகலில் அவ்வளவு தூக்கம் இருக்காது, இருந்தால் நிறுத்தாமல் வந்து சொல்ல வேண்டும் என்றார். தான் சொல்லும்வரை சைக்கிள் கூடாது, கிணறு, ஏரிப் பக்கம் தனியாகப் போகக் கூடாது என்றார். சைக்கிள் என்றதும் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்ல காலங்க, நீங்க சொன்னது.” பிடித்த கையை விடாமலே கேட்டார்: “எங்கூட்டு விசயம் இன்னும் யாருக்குங்க தெரியும்? நாளைக்கு இவளப் பொண்ணு கேட்டு வர்றவங்க காதுக்குப் போச்சுன்னா பேஜாரா பூடும்.”

யாருக்கும் தெரியாது என்றேன். நெறியாளருக்கு விஷயம் தெரியும், ஆளைத் தெரியாது. தமிழ் ஆசிரியைக்கு ஆளைத் தெரியும், விஷயம் தெரியாது. இதை அவரிடம் எப்படி விளக்குவது? யாருக்கும் தெரியாது என்று மறுபடியும் சொன்னேன்.

முப்பத்தேழை ஆய்விலிருந்து எடுத்துவிடச் சொன்னார் நெறியாளர். ஒன்று குறைந்ததில் எல்லாக் கூட்டுத்தொகையும் சராசரியும் மாறின. அட்டவணையை முதலிலிருந்து போட்டேன். மீதியிருந்த தாள்களை எண்ணுவதற்கு முன்னால் படிக்கிறேன். ஏற்கெனவே எண்ணிய முப்பத்தாறையும் எடுத்து மறுபடி படித்தேன். உரமூட்டை இறக்காமல் விட்டவர்கள், துணி துவைக்காதவர்கள், தம்பியைத் தேடிப் போகாதவர்கள். ஒவ்வொன்றிலும் வேறு எதையோ தேடினேன். ஒன்றும் இல்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை. வேலை இரண்டு மடங்கு மெதுவாகிவிட்டது. சமர்ப்பிக்க ஆறு மாதம் கூடுதலாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். கணவர், “இன்னுமா?” என்று மட்டும் கேட்டார்.

பொங்கல் கழித்து இரண்டாவது முறை கட்டுரை வாங்க அதே வகுப்புக்குப் போனேன். விருப்பமில்லாதவர்கள் எழுத வேண்டாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று முதல் முறை போலவே அறிவித்தேன். அப்போது யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. இந்த முறை இரண்டாவது பெஞ்சில் அவள் தாளை வாங்கிப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டு, மேசை மேல் கைகளை மடித்துத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

தமிழ் ஆசிரியை வாசலிலிருந்து பார்த்துவிட்டு, “ஏ, எழுந்திரு. மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?” என்றார்.

“இருக்கட்டும் டீச்சர். எழுத வேணாம்னா வேணாம்” என்றேன்.

நாற்பது நிமிடம் அவள் அப்படியே இருந்தாள். மாத்திரைத் தூக்கமா, என் மேல் கோபமா என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் ஒன்றும் கேட்க முடியாது. அவளிடமே கேட்கலாம், ஆனால் மற்ற நாற்பத்தொரு பேரும் இருக்கிற வகுப்பில் எதைக் கேட்பது?

மணி அடித்ததும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி விறுவிறுவென்று வெளியே போனாள். தூங்கி எழுந்தவள் நடை அது இல்லை. தூக்கம் இல்லையென்றால், மாத்திரையை மறுபடி நிறுத்திவிட்டாளா? இரவில் போட்டால் பகலில் தூக்கம் இருக்காது என்று டாக்டர்தானே சொன்னார், இரவில் போடுகிறாள், அதனால்தான் இப்படி நடக்கிறாள் என்று தாள்களை அடுக்கிக்கொண்டே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திண்டிவனம் பேருந்து நிலையம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.