கூலி பெற்றோ, பெறாமலோ

போன வாரம் என் அண்ணன் மகள் ஆதம்பாக்கத்தில் என் கட்டிலில் கால் நீட்டிப் படுத்தபடியே இலங்கைக்கு விசா வாங்கினாள். பொய்யில்லை. ஒரு கையில் முறுக்கு, ஒரு கையில் போன். சிநேகிதிகளோடு நான்கு நாள் ஊர் சுற்றப் போகிறாளாம். பெயர், பாஸ்போர்ட் எண் என்று தட்டிக்கொண்டே வந்தவள், "அத்தை, தொழில் என்னன்னு கேக்குது. நான்தான் வேலையை விட்டுட்டேனே, என்ன போடட்டும்?" என்றாள்.

"ஒண்ணும் இல்லைன்னு போடு. அழகா இருக்கட்டும்னு எதையாவது சேர்த்துத் தொலைக்காதே!"

நான் போட்ட சத்தத்தில் அவள் கை முறுக்கு கீழே விழுந்துவிட்டது. பாவம், அவளுக்கு என்ன தெரியும். அந்தக் கட்டத்தை நான் ஒருமுறை நிரப்பியிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் எண்ணெயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தையல் மிஷினுக்கும் டைப்ரைட்டருக்கும் ஒரே எண்ணெய்தான். நீள மூக்கு வைத்த சின்னத் தகர டப்பாவில் வரும். அடியில் அழுத்தினால் டொக்கென்று ஒரு சொட்டு விழும். அந்த வாசனை எப்படியென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எங்கே அடித்தாலும் எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிடும், செண்பகம் அக்கா மாடிப்படியில் இறங்கி வருவாள். "ஏட்டி, எண்ண டப்பாவக் குடு. மிஷினு கத்துது."

அறுபதுகளின் கடைசி. தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில், கீழே நாங்கள், மாடியில் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடை ஒன்றில் வேலை பார்த்த அண்ணன் வீட்டில் இருந்தாள். புருஷன் கொழும்பில், புறக்கோட்டையில், ஒரு துணிக்கடையைக் கவனித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி நான்கு வருஷம். அவர் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வருவார், ஒரு மாதம் இருப்பார், போய்விடுவார். அவர் போன மறுநாள் அக்கா பேசமாட்டாள். மிஷின் மட்டும் விடாமல் ஓடும்.

நான் காலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் எடுப்பேன். மத்தியானம் வீட்டிலேயே ஆட்களுக்கு மனு, விண்ணப்பம் எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பேன். ஹையர் பாஸ். அந்தத் தலைக்கனம் எவ்வளவு என்றால், காய்கறிக்காரரிடம் பேசும்போதுகூட நாலு இங்கிலீஷ் வார்த்தை வந்து விழும்.

ஆனால் அக்கா துணி வெட்டுவதைப் பார்க்கும்போது மட்டும் அந்தக் கனமெல்லாம் இறங்கிவிடும். அவளிடம் டேப் கிடையாது. வாசலில் வந்து நிற்கிறவளை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு பாயில் துணியை விரித்து, கத்திரியை எடுத்து ஒரே ஓட்டம். முதல் ரவிக்கை தைத்தபோது என்னைப் பார்த்துச் சொன்னாள், "ஒனக்கு வலது தோளு எறங்கிக் கெடக்கு. அந்தப் பக்கம் அரை விரக்கடை கூட்டி வச்சிருக்கேன்." அன்றுவரை எனக்கே தெரியாத விஷயம் அது. டைப்ரைட்டர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வினை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஒருநாள் நீல நிற ஏரோகிராம் ஒன்று வந்தது. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து படித்தோம். புருஷன் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எல்லாம் எழுதியிருந்தார். சிலோனுக்கு வர வழி மூன்று. ஒன்று, விசிட் விசா. சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இரண்டு, மனைவி என்ற முறையில் ரெசிடென்ஸ் விசா. அவருடைய பெர்மிட் உள்ளவரை அவளும் இருக்கலாம். மூன்று, அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவது. வந்தால் மறுபடி அங்கே போய் ஒட்ட முடியாது.

நான் அந்த 'ரெசிடென்ஸ்' என்ற வார்த்தையை நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். அக்கா வேறு விதமாகப் படித்திருந்தாள்.

"மூணாவதுல சோறு இல்ல. மொதலாவதுல குடும்பம் இல்ல. ரெண்டாவதுதான்ட்டி."

அரசாங்கம் பக்கம் பக்கமாக எழுதுவதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

விண்ணப்பத்தை நான்தான் டைப் அடித்தேன். தொழில் என்ற கட்டம் வந்தது. "ஒண்ணும் இல்லன்னு போடு," என்றாள். எனக்கு மனசு வரவில்லை. தெருவில் பாதிப் பெண்கள் அவள் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், அவளைப் போய் ஒன்றுமில்லை என்பதா? அவளிடம் சொல்லாமல் 'லேடீஸ் டெய்லர்' என்று அடித்துவிட்டேன். பெரிய எழுத்தில். அடிக்கோடு வேறு.

சென்னையிலிருந்த சிலோன் விசா ஆபீசிலிருந்து நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. துணைக்கு நானும் போனேன். வாசல் காவல்காரர், "ஆபீஸரு உள்ளதாம்மா கீறாரு. குந்திகினு இரு, கூப்புடுவாரு," என்றார். குந்திக்கொண்டிருந்தோம். அக்கா முந்தானை நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

அதிகாரி மரியாதையான மனிதர், யாழ்ப்பாணத்துப் பேச்சு. "அம்மா, இதில லேடீஸ் டெய்லர் எண்டு கிடக்கு. அங்க போய் வேலை செய்யப் போறியளோ? அப்பிடியெண்டால் இந்த விசா சரிவராது. அதுக்கு வேற விண்ணப்பம், வேற சட்டம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

"வீட்டோட இருப்பன், தொழில் செய்யமாட்டன் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. அது போதும்," என்றார் அவர்.

அது போதும் என்றுதான் சொன்னார். ஆனால் குட்டையைக் குழப்பியவளுக்குத் தெளிய வைக்கும் அவசரம். இனி எந்த ஓட்டையும் இருக்கக் கூடாது என்று, வக்கீல்களுக்கு டைப் அடித்துப் பழகிய பாஷையை எல்லாம் கொண்டுவந்து கொட்டினேன். எந்த விதமான தையல் வேலையையும், யாருக்காகவும், கூலி பெற்றோ பெறாமலோ, அந்நாட்டில் வசிக்கும் காலம் முழுவதும் செய்யமாட்டேன் என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம். அடித்து முடித்து நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

அக்கா அதைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள்.

"யாருக்குமேவா?"

"யாருக்கும்தான்க்கா. அப்பத்தான் விசா கிடைக்கும்."

சட்டம் படித்தவள் மாதிரி சொன்னேன். அவள் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாள். மிஷின் அங்கேதான் இருந்தது. பிறகு என் பேனாவை வாங்கி, 'செண்பகம்' என்று தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

விசா வந்தது. எழும்பூரில் ராமேஸ்வரம் ரயிலில் ஏற்றிவிட்டோம். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மாம்பலம் ஸ்டேஷனைத் தாண்டித் தனியாகப் போயிராதவள் கடலைத் தாண்டிப் போகிறாளே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. மிஷினை விற்றுவிடச் சொன்ன அண்ணனிடம், "இங்கன வந்தா தைக்கலாம்லா, கெடக்கட்டும்," என்று சொல்லி எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். மாதம் ஒருமுறை என் டைப்ரைட்டருக்கு எண்ணெய் விடும்போது அதற்கும் ஒரு சொட்டு விடுவேன். "இங்கன வந்தா" என்றதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னாலும் ஒரு கடிதம் வரும். உள்ளே முடிச்சுகள் போட்ட ஒரு நூல் இருக்கும். முதல் முடிச்சுவரை தோள், அடுத்தது இடுப்பு, நூல் முடிவது முழங்கால். அந்த அளவுக்குப் பாண்டி பஜாரில் கவுன் தைக்கக் கொடுத்து, கொழும்பு போகிற யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும். நூல் வருஷா வருஷம் நீண்டது. நான் பார்த்தேயிராத குழந்தை என் கைக்குள் வளர்ந்தாள். "அந்த ஊரில் தையல்காரனே இல்லையா?" என்று ஒருமுறை கேலியாக எழுதினேன். "இருக்கான். அவன் வெட்டுறதைப் பார்த்தால் எனக்குக் கை நமநமங்குது. அதனால் அந்தப் பக்கமே போகிறதில்லை," என்று பதில் வந்தது. நான் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். படித்த முட்டாள் என்றால் இதுதான்.

எழுபதுகளின் நடுவில் கடை கைமாறியது, அக்கா புருஷனுடைய பெர்மிட்டும் முடிந்தது. மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். சிலோனுக்குப் போனவள் ஸ்ரீலங்காவிலிருந்து வந்தாள், நடுவில் பெயர் மாறியிருந்தது. ஆறு வயதுப் பெண் என் முன்னால் வந்து நின்றாள். அவள் பாவாடை நாடா அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. அக்கா புருஷன் சட்டையில் இரண்டு பொத்தான் இருக்க வேண்டிய இடத்திலும் ஊக்கு.

"என்னக்கா இது, ஊரெல்லாம் தைச்சுப் போட்டவ வீட்டுல ஊக்கா?"

"அங்கன ஊசியத் தொடக்கூடாதுல்லா. எழுதிக் குடுத்திருக்கேம்லா," என்றாள், ஏதோ உப்பு வாங்கியதைச் சொல்வது போல.

எத்தனை தீபாவளி, எத்தனை நூல். "அக்கா, அந்த விசா ஆபீசர் தொழில் செய்யக்கூடாதுன்னுதான் கேட்டாரு. யாருக்குமே, கூலி இல்லாமலும்னு சேர்த்தது நான். அவர் கேக்கவே இல்லைக்கா. அதுவும் வீட்டுக்குள்ள நீ பொத்தான் தைக்கிறதை யார் வந்து பாக்கப்போறாங்க?"

அக்காவுக்குக் கண் கலங்கியது. "மொத மொத புள்ளைக்கு ஒரு சட்ட... அதுகூட தைக்கலியேட்டி," என்றாள். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:

"யாரும் பாக்க மாட்டாவதான். அதுக்காவ? எழுத்து நீ அடிச்சது. பேரு எம்பேருல்லா."

நான் அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு உறுதிமொழிப் பத்திரம் டைப் அடித்திருக்கிறேன். அவளுக்கு முன்னால் நின்றதுபோல் யார் முன்னாலும் கூனிக் குறுகி, வியந்து நின்றதில்லை.

"எண்ண டப்பா எங்க?" என்றாள். குளிக்கவில்லை, காபி குடிக்கவில்லை. மிஷின் உறையை எடுத்தாள், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள், அது சத்தமில்லாமல் ஓடியது. என் புடவை ஒன்றைக் கேட்டு வாங்கி, பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாயில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தாள். டேப்பும் இல்லை, நூலும் இல்லை. ஒரே ஓட்டம்.

அந்தக் குழந்தை என் பக்கத்தில் வந்து, என் கையைப் பிடித்து இழுத்து, ரகசியமாகக் கேட்டாள்: "சித்தி, அம்மாக்குத் தைக்கத் தெரியுமா?"

இப்போது அந்த ராமேஸ்வரம் கப்பல் இல்லை. அந்தச் சந்து வீடு இருந்த இடத்தில் நகைக் கடைக்கு வண்டி நிறுத்துகிறார்கள். டைப்ரைட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டேன். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அண்ணன் மகள் போனில் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள். எறும்பு எறும்பாக எழுத்து, கீழே ஒரு சின்னக் கட்டம். அதைத் தொட்டதும் டிக் விழுந்தது.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"யாரு அத்தை இதெல்லாம் படிப்பாங்க? சம்மதம்னு போட்டாத்தான் விடும்."

நான் எழுந்து போய் ஒரு ஊசியும் வெள்ளை நூல்கண்டும் எடுத்துவந்து அவள் பையில் போட்டேன். "போற இடத்துல பொத்தான் கித்தான் அறுந்தா தைச்சுக்கோ. அங்கே தைக்கலாம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவள் என்னை வினோதமாகப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்கு எங்கே அத்தை தைக்கத் தெரியும்?"