தம்பி விட்டுப்போன தலை

வாஷ்பேசின் கம்பெனியில் அக்காவுக்கு இருபத்தாறு வருட வேலை. சுடாத பேசினை ஈரப் பஞ்சால் துடைத்து, ஒரு விரல் தடம்கூட இல்லாமல் சூளைக்கு அனுப்ப வேண்டும். ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வாள். கைக்கு எல்லாம் மனப்பாடம்.

தம்பி வேறு ரகம். களிமண்ணில் காகிதக் கூழைக் கலப்பான், மரத்தூளைக் கலப்பான், கண்ணாடித் தூளையும் விட்டுவைக்க மாட்டான். சிலை செய்கிறேன் பேர்வழி என்று வீட்டின் முன்னறையையே சேறாக்கி வைத்திருந்தான். சூளைக்குப் போனதில் ஒன்றுகூட முழுசாகத் திரும்பியதில்லை. "என்னடா, இன்னிக்கும் பட்டாசுதானா?" என்று அக்கா சிரிப்பாள். "இரேன்க்கா, ஒண்ணு தப்பிச்சா போதும். நாம போனப்புறமும் அது இருக்கும்" என்பான்.

கடைசியாக ஒரு பெண்ணின் தலையைச் செய்தான். கட்டை விரலாலேயே அழுத்தி அழுத்தி எழுப்பியது. அவன் விரலில் குறுக்கே ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. நெற்றி, கன்னம், கழுத்து எங்கும் அந்தக் கோடு விழுந்திருந்தது. மறுவாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை. நாற்பது வயது, அநியாயச் சாவு.

மூன்று வருடம் அந்தத் தலையைக் காய விடாமல், ஈரத்துணியும் பிளாஸ்டிக்கும் போர்த்திக் காப்பாற்றினாள். காய்ந்தால் சூளைக்குப் போக வேண்டும், போனால் வெடிக்கும். அவன் கை பட்டதாக மிஞ்சியது அது ஒன்றுதான்.

கம்பெனிச் சூளைக்காரர்தான் விடாமல் சொன்னார். "பச்சை மண்ணு எத்தனை நாளைக்கும்மா தாங்கும்? பூஞ்சை புடிச்சிடுச்சு பாரு. நான் மெதுவா சூடு ஏத்தறேன், என்னை நம்பு."

அரைமனதாகச் சம்மதித்தாள். ஒரு மாதம் நிழலில் உலர்த்தி, மடியில் வைத்துக் கொண்டுவந்து கம்பெனியில் தன் மேஜைமேல் இறக்கினாள். சூளையில் எந்த இடம், எத்தனை மணி நேரம் என்று அவர் விளக்க, கண் எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக் கேட்டாள். பாதியில் அவர் அலறினார்.

"ஐயோ, கையை எடும்மா!"

கையில் பஞ்சு இருந்தது. நெற்றியும் கன்னமும் கழுத்தும் பேசின்போல வழவழவென்று இருந்தன. காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே என்று தடவித் தடவித் தேடினாள். ஓர் இடம் பாக்கியில்லை. பாவி, தம்பியைத் தானே துடைத்துப் போட்டிருந்தாள்.

"வெச்சிடுங்கண்ணே," என்றாள். "வெடிச்சா வெடிக்கட்டும்."

மூன்றாம் நாள் சூளையைத் திறந்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. சூளைக்காரர் தட்டிப் பார்த்தார், கணீரென்றது. "உன் தம்பி ஜெயிச்சிட்டாம்மா!" என்று அதை அவளிடம் நீட்டினார்.

அக்கா வாங்கவில்லை.

"அவன் எங்கண்ணே இதுல?" என்றாள்.