பேன் சிஸ்டரின் தலை

அடுத்தவர் தலையைப் பிரித்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற சோலி என்னுடையது. கொடைக்கானலில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் நர்ஸ். காய்ச்சல், சுளுக்கு, வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் நான்தான். ஆனாலும் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'பேன் சிஸ்டர்'. இந்த நாலு வரி படிப்பதற்குள் உங்களில் பாதிப் பேருக்குத் தலை அரித்திருக்கும். தாராளமாகச் சொறிந்துகொள்ளுங்கள், நமக்குள் என்ன வெட்கம்!

மலைமேல் எனக்கென்று யாரும் கிடையாது. விடுதிக்குப் பின்னால் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். சாப்பாட்டு மேசைக்கு நான் போனால் டீச்சர்கள் சிரித்துக்கொண்டே நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். பேன் பறக்காது, தாவாது, தலையும் தலையும் ஒட்டினால்தான் ஊர்ந்து ஏறும் என்று தொண்டை வற்றச் சொல்லியாச்சு. கேட்டால்தானே!

பூம்பாறைச் சரக்கு

லீவு முடிந்து பள்ளி திறந்த அன்றைக்கு ஒரு டீச்சர் பூம்பாறைப் பிள்ளை ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். "தலை பூரா ஈர், சிஸ்டர்! கிளாஸுக்குள்ள எப்படி விடுறது?" பின்னாலேயே அவளைக் கொண்டுவந்து விட்ட அம்மா, முகம் செத்துப்போய் நின்றாள். பிள்ளை அழத் தயாராக இருந்தது.

ஈர் என்பது பேன் முட்டை. முடியில் பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கும், லேசில் வராது. நான் குனிந்து ஒரு ஊது ஊதினேன். வெள்ளை வெள்ளையாகப் பறந்து டீச்சர் சேலையில் உட்கார்ந்தது. மோந்து பார்த்தால் பூண்டு வாசம்! முந்தின நாள் வீடே உட்கார்ந்து பூண்டு ஆய்ந்திருக்கிறார்கள், அந்தச் சருகு. அப்போதுதான் அந்த அம்மாவுக்கு வாய் வந்தது. "அது ஈர் இல்லீங்க, எங்க வெள்ளாமை. வெள்ளனே பஸ்ஸப் பிடிக்கிற அவசரத்துல தலைய ஒதறாம வந்துட்டா."

வாட்ச்மேன் ஸ்வெட்டர்

கேட்டில் நிற்கும் ராசு அண்ணன் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, பேனா இருக்குமோ?" என்றேன். தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினார். "இங்க எங்கங்க அது குடியிருக்கும்?"

சிரித்துவிட்டேன். ஆனால் தலையை நம்பாத பேனும் உண்டு. சீலைப்பேன் என்போம். துணியின் தையலுக்குள் குடியிருந்துகொண்டு, பசித்தால் மட்டும் உடம்புக்கு வந்துபோகும். ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி அக்குள் தையலைத் திருப்பினேன். வரிசையாகக் கிடந்தன. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் தீர்ந்துவிடும், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். பெண்சாதி போனபிறகு தனியாக இருக்கிற மனுஷன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தக் குளிர்ல ஒத்தையில கெடக்குறேன். அதுகளாச்சும் கூட இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன் சிஸ்டர்."

ஒரே ஒரு பேன்

ஸ்டெல்லா ஆறாம் வகுப்பு. ஆடலூர்க்காரி. அப்பா அங்கே காப்பித் தோட்டத்தில், அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில். சாயங்காலம் மணி அடித்ததும் என் அறை வாசலில் நிற்பாள். "தலை அரிக்குது சிஸ்டர்." காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில் என்று பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன். கண்ணாடி மாதிரி சுத்தம். "ஒண்ணும் இல்ல. நாளைக்கு வா, பாக்குறேன்" என்று அனுப்புவேன். சொன்னபடி மறுநாளும் வந்து நிற்பாள்.

ஒருநாள் பார்க்கிறேன், தலை நிறையப் பேன் வைத்திருக்கும் தோழியோடு இவள் தலையை ஒட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். "ஏ புள்ள, என்ன பண்ற?" என்று அதட்டினேன். எங்கள் விடுதியில் ஒரு வழக்கம்: பேன் மிஞ்சிப்போனால் அம்மாவை வரவழைத்துப் பிள்ளையைக் கூடவே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அதைப் பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கிறது. "ஒரே ஒரு பேன் ஏறுனாப் போதும் சிஸ்டர். எங்கம்மா வந்துருவாங்க."

என் தலை

போன மழைக்கு எனக்கே பிடரி அரிக்க ஆரம்பித்தது. ஊர்த் தலையெல்லாம் பார்க்கிறவளுக்குத் தன் பிடரி தெரியாது பாருங்கள்! ரெண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கழுத்துதான் சுளுக்கியது. செல்போனில் படம் எடுத்தேன், இருட்டாக வந்தது. வெள்ளைத்தாள் விரித்துப் பேன் சீப்பால் வாரினேன். பொடுகுதான் விழுந்தது, மனசு ஒப்பவில்லை.

சமையல்கட்டுக்குப் போய்ச் செல்வியக்காவிடம், கொஞ்சம் பாருங்களேன் என்று கேட்டேன். எனக்கென்று தனியாக முறுகல் தோசை எடுத்துவைக்கிற நல்ல மனுஷிதான். கரண்டியோடு பின்னால் நகர்ந்தாள். "ஆத்தாடி! எனக்குக் கொண்டை பெருசு சிஸ்டர், ஏறுச்சுன்னா குடும்பத்தோட குடியேறிரும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அரிப்புக்காக இல்லை. என் தலையைத் தொட்டுப் பார்க்க ஒரு ஆள் இல்லையே என்று.

சாயங்கால மணி அடித்தது. வழக்கம்போல ஸ்டெல்லா. நான் பிடரியைச் சொறிவதைப் பார்த்தவள், தன் அரிப்பை மறந்துவிட்டு, "கீழ உக்காருங்க சிஸ்டர்" என்றாள். உட்கார்ந்தேன். சில்லென்று சின்ன விரல்கள் காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில், நான் பார்க்கிற அதே வரிசையில் போயின. அம்மா போனபிறகு என் தலையில் யாரும் கை வைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பாத்தாச்சு சிஸ்டர், சுத்தமா இருக்கு." இன்னொரு தடவை பாரேன் என்றேன். பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு தடவை என்றேன். அதையும் பார்த்துவிட்டு, என் குரலிலேயே சொன்னாள்: "ஒண்ணும் இல்ல. நாளைக்கு வாங்க, பாக்குறேன்."

தலையும் தலையும் ஒட்டினால்தான் பேன் ஏறும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள், இத்தனை வருஷத்தில் என் தலையில் ஒன்றுகூட ஏன் ஏறவில்லை என்று யோசிக்காமல் போனேன் பாருங்கள்.