பெண் பார்க்க வந்த அன்று பூத்தது

எனக்குப் பிறவியிலேயே சும்மா இருக்க வராது. அப்படிப்பட்ட என் கையில், சும்மா விட்டால்தான் பிழைக்கும் ஒரு செடி வந்து மாட்டியது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஸ்டபீலியா. பார்க்கக் கள்ளி மாதிரி இருக்கும். உண்மையில் எருக்குக்குத் தூரத்து உறவு. தொண்ணூறுகளின் நடுவில் மல்லேஸ்வரத்தில் வேறு எந்த வீட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை. தண்டு கொடுத்த ஆபீஸ் நண்பர், "தண்ணி ஊத்தியே கொன்னுடாதீங்க. பூத்தா செத்த எலி நாத்தம் வரும், சொல்லிட்டேன்" என்றார். வீட்டில் அக்காவிடம் மட்டும் அதைச் சொல்லிவைத்தேன்.

மூன்று வருஷம் பாடாய்ப் பட்டேன். பெங்களூர்த் தூறலுக்கு நேரம் காலம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் மாடிக்கு ஓடித் தொட்டியை உள்ளே இழுத்தேன். மாவுப்பூச்சியைப் பஞ்சால் துடைத்தேன். "பொண்டாட்டி வந்தாகூட இப்படிப் பாத்துக்க மாட்டே" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

கடைசியில் ஒரு மொட்டு வந்து, ஊதிய காகிதப் பை போல உப்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் சொல்லியனுப்பியதிலிருந்து அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கவலையெல்லாம் மொட்டு. மதியம் அதன் ஓரம் விரியத் தொடங்கியதும் பயந்துபோய், தொட்டியை மொட்டைமாடி மூலையில் வைத்துவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் கேசரித் தட்டைக் கையில் வாங்கியபோது நாற்றம் வந்தது. ஈ மொய்த்தது. "எங்கியோ எலி செத்துக் கெடக்கு" என்று அப்பா சோபாவை நகர்த்தினார். அம்மா சாம்பிராணி போட்டாள். இரண்டும் கலந்து இன்னும் மோசமானது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போய்த் தகவல் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்.

அவர்கள் படியிறங்கியதும், ஈ மொய்த்துக்கொண்டிருந்த ஹால் ஜன்னலின் திரையை விலக்கினேன். என் தொட்டி அங்கே இருந்தது.

"தூக்கி ரோட்ல எறிடா அத!" என்று அப்பா கத்தினார். அக்கா பட்டுப்புடவையோடு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"நான்தான் கொண்டாந்து வெச்சேன். வாயால எத்தன வாட்டி சொன்னேன், யாருக்காவது கேட்டுச்சா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "உனக்குக்கூடக் கேக்கலியேடா."

அவளுக்குப் பின்னால் பூ உள்ளங்கையை விட அகலமாக விரிந்திருந்தது. மூன்று வருஷம் எதற்காகக் காத்திருந்தேனோ அதை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அழுதுகொண்டிருந்த அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.